சனிக்கிழமைக்கு ஒரு பலகை

“அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கணும்க்கா. அதுக்கு எது சரியா வரும்?”

கடைக்காரப் பெண் சுவரோரம் சாத்தியிருந்த பலகைகளில் கூர்மூக்கு வைத்த ஒன்றை உருவி மேசையில் கிடத்தினாள். வினுஷா அதன் விளிம்பை விரலால் தடவினாள். கத்தி போல இருந்தது.

“இது ஆளத்தான் அடிக்கும், அலைய இல்ல,” என்று சிரித்தாள் கடைக்காரி. “வேக்சர்ஃப் எத்தன நாளா பண்றீங்க?”

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பின்சந்தில் ஒரு மாடிக்கடை அது. கீழே மில்லில் மிளகாய் அரைக்கும் நெடி படியேறி வந்து, படகு கிளப்பும் அலையில் சறுக்குவதற்கான சர்ஃப் பலகைகளுக்கு நடுவே நின்றது. வினுஷா தும்மிவிட்டுச் சொன்னாள்.

“ஆறு மாசமா. உட்லண்ட்ஸ்ல இருந்து பாலம் தாண்டிப் போய், ஜோகூர்ல கத்துக்கிட்டேன். இப்ப போட்ல கட்டின கயித்தப் பிடிச்சு எழுந்து, அத விட்டுட்டு, போட் கிளப்புற அலையிலேயே வர முடியும். திரும்பவும் முடியும். சுத்துறதுதான் இன்னும் வரல.”

“அப்ப நடுத்தரம். ஸ்டார்ட்டர் போர்டு உங்களுக்கு போரடிக்கும், ப்ரோ போர்டு தூக்கிப் போட்டுடும். பட்ஜெட்?”

“பெருசா ஒண்ணும் இல்லக்கா.”

கடைக்காரி மெல்லிசாக, கறுப்பாகப் பளபளத்த ஒரு பலகையை எடுத்தாள். “பாக்குறவங்க வாயப் பொளக்கணும்னா இதுதான் லா. எல்லாரும் இதத்தான் கேட்டு வாங்கறாங்க. ஆமா, யாருக்குக் காட்டணும்?”

அதுதானே வேண்டும் என்பதுபோல வினுஷா கொட்டித் தீர்த்தாள். ரெண்டு வருஷம் பழகினவன். அவள் தண்ணீரில் தலைகுப்புற விழுந்ததைப் படம் பிடித்து வேக்சர்ஃப் குழுவுக்கே அனுப்பினான். கீழே ஒரு வரி வேறு: ‘கயித்தையும் விடமாட்டா, ஆளையும் விடமாட்டா.’

“எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கக்கா. அதப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது, அவன் என்னை விட்டுட்டான்னு. வர்ற சனிக்கிழமை பொங்கோல் படகுத்துறையில அதே குழு போட் எடுக்குது. நானும் போறேன். அவனுக்குத் தெரியாது.”

“பேரு?”

“யதீசன்.”

கடைக்காரியின் கை ஒரு கணம் நின்றது. “இது எப்ப நடந்தது?”

“தீபாவளிக்கு மறுநாள். தீபாவளி அன்னிக்கு எங்க வீட்டுலதான் சாப்பிட்டான், பாவி.”

கடைக்காரி கறுப்புப் பலகையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் மஞ்சளாக இன்னொன்றைத் தூக்கி வந்தாள். “இத எடுங்க. போன வருஷ மாடல்.”

“கொஞ்சம் தடியா இருக்கே?”

“தடியா இருக்கறதாலதான் வேகம் குறைஞ்சாலும் அலை உங்கள விடாது. வால் ஒடுங்கி இருக்கு, மிதிச்சா சட்டுனு திரும்பும். கார்பன் இல்ல, அதான் விலை கம்மி.”

முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். விற்காமல் கிடந்ததை என் தலையில் கட்டுகிறாளோ என்று வினுஷாவுக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் கைக்கு எட்டிய விலை அது ஒன்றுதான். வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை படகில் ஏறியவள் விளிம்பிலேயே நின்றுவிட்டாள். சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் அதே கடைக்காரி.

குழுவை நடத்தும் அருண்ராஜ் உற்சாகமாக அறிமுகம் செய்தான். “இவங்க தர்ஷினி. யதீசனோட ஃபியான்சே. போட் லைசென்ஸ் இவங்ககிட்டதான் இருக்கு. போன ஆவணியிலேயே நிச்சயம் ஆயிடுச்சாம், எங்களுக்கே இப்பத்தான் தெரியும். அடுத்த மாசம் கல்யாணம்.”

ஆவணியா? தீபாவளிக்கு முன்னாலேயேவா? அப்படியென்றால் நிச்சயம் முடிந்த பிறகுதான் வினுஷாவின் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறான். அதைவிட, தன் திட்டத்தை முழுசாக யாரிடம் போய் ஒப்பித்திருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பே எரிந்தது.

தர்ஷினி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? சுக்கானைச் சற்றே ஒடித்தால் போதும், அலை செத்துவிடும். வினுஷா மறுபடி எல்லார் முன்னாலும் கவிழ்வாள்.

“வினு! நீயா?” யதீசன் அவள் பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். “இந்த மஞ்சக் கட்டைய யாரு உன் தலையில கட்டினது? அந்தப் பழைய வீடியோ இன்னும் எங்கிட்ட இருக்கு லா. இன்னிக்கு பார்ட் டூ எடுத்துடலாம்.”

படகில் இரண்டு பேர் சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

“முதல்ல எப்படிப் பண்ணணும்னு நான் காட்டுறேன், பாத்துக்க.” தன் பலகையோடு அவன் தண்ணீரில் குதித்தான். மிதவைச் சட்டை அவனைத் தக்கைபோலத் தூக்கி நிறுத்தியது. கையை உயர்த்தினான். “தர்ஷ், கயிறு!”

வினுஷா மஞ்சள் பலகையை இறுக்கிப் பிடித்தாள். எவள் என்ன செய்தாலும் சரி, இறங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள். விழுந்தாலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் விழ வேண்டும்.

தர்ஷினி எழுந்தாள். விரலிலிருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றி அருண்ராஜின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் வாயைப் பிளந்தான்.

“தர்ஷ்! கயிறுன்னு சொன்னேன்ல?” தண்ணீரிலிருந்து யதீசன் கத்தினான். துறை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

கயிற்றைச் சுருட்டி வினுஷாவின் காலடியில் போட்டாள் தர்ஷினி.

“குதி வினுஷா. அவரு கரைக்கு நீந்தியே போகட்டும்.”