மூன்றாம் சரணத்துக்கு முன்

இத்தனை பேர் சேர்ந்து சொன்னால் அது அதே சொல்லாகிவிடுமா? மேடையில் இரண்டாம் சரணத்தைப் பாடி முடிக்கும்போது பிரிசில்லாவின் மனதில் இதுதான் ஓடியது. மலைச்சாலையில் லாரி ஓட்டிப் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு அது. பதிவு செய்த அன்று சரியாக இந்த இடத்தில் அவள் மேலே பாட முடியாமல் நின்றுவிட்டாள். கிடார் வாசித்துக்கொண்டிருந்த அவள் கணவன் செல்வின், மைக் இருப்பதை மறந்து, “பாடு புள்ள” என்று மெல்லச் சொன்னான். அதை வெட்டாமல் விட்டுவிட்டார்கள்; இப்போது பாட்டைக் கேட்பவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அதைச் சேர்ந்து சொல்கிறார்கள். வானொலியின் வாரப் பட்டியலில் பதினோரு வாரமாக அந்தப் பாட்டுக்குத்தான் முதலிடம்.

இன்றும் அவள் அந்த இடத்தில் நிறுத்தியதும் அரங்கமே எழுந்து கத்தியது. “பாடு புள்ள!”

மேடையோரம் சக்கர நாற்காலியில் செல்வின் இருந்தான், மடியில் கிடாரோடு. பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. அதன்பின் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இந்த வாரம்தான் உதடுகள் லேசாக அசையத் தொடங்கியிருந்தன.

கூட்டம் மறுபடியும் கத்தியது. “வரி மறந்துருச்சாக்கா? நாங்க பாடவா?” என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. நிகழ்ச்சி நடத்துபவன் குனிந்தபடி அவளிடம் ஓடிவந்தான்.

“அக்கா, ரேடியோல நேரடியா போய்ட்டிருக்கு. பாடிருங்கக்கா. அதான் எல்லாரும் சொல்லிட்டாங்கல்ல?”

பிரிசில்லா மைக்கைக் கையால் பொத்தினாள். செல்வினின் உதடுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவரு இன்னும் சொல்லலையே, தம்பி.”