சாமியார் சொன்ன பதில்

"மேடம், நான்தான் பேசறேன். என் போன் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. இது பக்கத்து சீட்டுக்காரர் போன்."

ரயில் ஓடும் சத்தத்துக்கு நடுவே வந்த குரலைக் கேட்டதும் சர்வர் பொறுப்பாளர் போன் திரையில் இருந்த நம்பரைப் பார்த்தாள். குரல், ஆபீஸே சாமியார் என்று கூப்பிடும் புரோகிராமருடையதுதான். நம்பர்தான் யாருடையதோ.

"லேப்டாப் கையில இருக்கு. பத்தே நிமிஷத்துல சரி பண்ணிடுவேன். ஆனா உள்ள நுழையற ரகசிய எண் என் போனுக்குத்தானே வரும்? அதை மட்டும் இந்த நம்பருக்கு மாத்தி விடுங்க, போதும்."

"லைன்லயே இருங்க." தன் பேச்சு அந்தப் பக்கம் கேட்காதபடி பொத்தானை அழுத்தினாள்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வர் வழியாகத்தான் டாக்டர்களுக்குப் போகின்றன. காலை பத்து மணியிலிருந்து அது அசையவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளியை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படுக்க வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த புரோகிராமை எழுதியவன் சாமியார். வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. அவனோ லீவில் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறான். சர்வர் நின்ற செய்தியைக் காலையிலேயே அவனுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"மாத்தி விட வேண்டியதுதானேக்கா?" என்றாள் பக்கத்து மேஜையில் புரோகிராம்களைச் சோதிக்கும் டெஸ்டர்.

"மாத்தி விட்டு, பேசறது அவன் இல்லேன்னா? மூணு ஆஸ்பத்திரி நோயாளிங்க விவரமும் போச்சு, என் வேலையும் போச்சு! போன மாசம் எதிர் பில்டிங்ல என்ன ஆச்சு? முதலாளி குரல்லயே ஒருத்தன் பேசி, மொத்தத்தையும் வாரிட்டுப் போகலை? குரலைக்கூட இப்ப கம்ப்யூட்டர்லயே செஞ்சுடறானுங்களாம்."

"அப்ப பிறந்த தேதி, எம்ப்ளாயி நம்பர் எல்லாம் கேளுங்க."

"அங்கயும்தான் கேட்டாங்க. வீட்டு நாய்க்குட்டி பேர் வரைக்கும் கரெக்டா சொன்னானாம்."

"மேடம், இருக்கீங்களா? சிக்னல் போயிடும்!" என்று ஸ்பீக்கரில் அவசரப்பட்டது குரல்.

மற்றொரு மேஜையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்தாவது முறையாக போன் அலறியது. "இதோ ஆச்சு டாக்டர், அஞ்சே நிமிஷம்..." என்று சொல்லி வைத்தாள் டெஸ்டர்.

"அக்கா, அவனுக்கு சாமியார்னு ஏன் பேர் வந்துச்சு? அதை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடலாமே!"

சர்வர் பொறுப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட, ஆமாம்!

எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று சாமியாரிடம் வாய் தவறிக் கேட்டவர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு கிடையாது. 'விண்டோஸ் வாடகை வீடு. மேக், யாரோ ஜோடிச்சு வெச்ச ஓட்டல் ரூம். லினக்ஸ்தான் சொந்த வீடு. ஆணி அடிக்க எவன்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம்!' என்று ஆரம்பித்தால், எதிராளி லினக்ஸுக்கு மாறுகிறேன் என்று சத்தியம் செய்யும்வரை விடமாட்டான். தீ அபாய மணி அடித்து எல்லோரும் ஓடியபோதுகூட, மாடிப்படியில் ஒருவரைப் பிடித்து நிறுத்தி உபதேசத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினான். பிறந்த தேதியைத் திருடலாம். இந்தப் பைத்தியத்தைத் திருட முடியுமா?

பொத்தானை விடுவித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ்... எது நல்லது?"



"இப்ப... இப்ப எதுக்கு மேடம் இந்தக் கேள்வி?"

"சும்மா சொல்லுங்களேன்."

"மூணுமே நல்லதுதான் மேடம். அவங்கவங்க தேவையைப் பொறுத்தது."

டெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விண்டோஸுமா?"

எச்சில் விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. "விண்டோஸும்... நல்ல சிஸ்டம்தான். நிறைய பேர் சந்தோஷமா வெச்சிருக்காங்க."

"லினக்ஸ் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"என் சொந்த விருப்பத்தை மத்தவங்க மேல திணிக்கறது தப்பு மேடம்." பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் வந்தது பதில்.

சட்டென்று இணைப்பைத் துண்டித்தாள். சாமியாரின் பெயரைத் திரையில் தேடி, சிவப்புக் கட்டத்தை அழுத்தினாள். முடக்கியாகிவிட்டது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு அந்தப் பெயரில் யாரும் உள்ளே வர முடியாது. முடக்கிய அவளே நினைத்தாலும் திறக்க முடியாது.

"நல்லவேளை, தப்பிச்சோம்க்கா!" என்று பெருமூச்சு விட்டாள் டெஸ்டர்.

மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்னம்மா, அவன் கூப்பிட்டானா? சரி பண்ணிட்டானா? ஆஸ்பத்திரில உயிரை வாங்கறாங்க!"

"கூப்பிட்டது அவன் இல்ல சார், திருடன்! குரல் அப்படியே அவனோடதுதான். ஆனா, விண்டோஸ் நல்ல சிஸ்டம்னு சொல்றான் சார்! அதான் உடனே முடக்கிட்டேன்."

மேனேஜர் குனிந்து திரையில் இருந்த சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார்.

"அவனேதாம்மா அது. இனிமே யார் கேட்டாலும் எந்த சிஸ்டத்தையும் ஒசத்தியோ மட்டமோ பேச மாட்டேன், பேசினா வேலையை விட்டுப் போயிடறேன்னு நேத்து அவன் ஊருக்குக் கிளம்பறப்பதான் எழுதி வாங்கினேன். நான் என்ன பண்றது, ஆபீஸே சேர்ந்து புகார் கொடுத்தீங்க... முதல் கையெழுத்தே உன்னோடதுதானேம்மா!"