கருமாதிக்கு முன்னால்

“மாமா, இன்னா மாமா இது?”

கன்னியப்பன் கத்தியதில், உத்திரமேரூர் ஒயின்ஷாப்பை ஒட்டியிருந்த மீன் வறுவல் கடையே திரும்பிப் பார்த்தது.

முனிரத்தினம் நிமிரவில்லை. அவர் முன்னால் ஒரு பீர் பாட்டில், ஒரு தட்டு வஞ்சிரம் வறுவல். எதிரே, தலையோடு கழுத்தையும் சேர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவன்.

மகன் முத்துவேலைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கருமாதி. அன்றைக்குத் தாய்மாமன் கன்னியப்பன் கறி எடுத்து வந்து ஆக்கிப்போட்ட பிறகுதான் அந்த வீட்டில் கவுச்சி தொடலாம். அதுவரை மீன் வாசனைகூட ஆகாது.

தாய்மாமனுக்குத் தீட்டு கிடையாது. அதனால் அவனுடைய மேசையில் எறா வறுவலும் இரண்டாவது பாட்டிலும் இருந்ததை யாரும் கேட்க முடியாது, பாருங்கள்!

“எங்கக்கா வூட்ல பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்குது. நீ இங்க பீரு வெச்சிக்கினு மீனு துன்றியா?”

“ஒக்காரு மச்சான். சத்தம் வேணாம்.”

பக்கத்து மேசை வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார். “பெத்த புள்ள போயிட்டான். நாக்குக்கு ருசி கேக்குது பாரு” என்றவர், தன் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் வெங்காயம் கேட்டார்.

முனிரத்தினம் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கத்தான் முடியவில்லை. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினார். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூட இல்லை.

“துன்றதப் பாரு! ஞாயித்துக்கெயம நான் வரமாட்டேன். தாய்மாமன் இல்லாமயே நடத்திக்க உன் புள்ள கருமாதிய!”

“அப்பிடி சொல்லாத மச்சான். உன் தோள்ல வளந்த புள்ள அவன்.”

“யாரு இவன், உன்கூட சேந்து துன்றவன்?”

கன்னியப்பன் எதிரே இருந்தவனின் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தான்.

மாகறல் சாம்சன். கரும்பு ஏற்றிய டிராக்டரை விளக்கில்லாமல் ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் போனவன். அதன் பின்னால் மோதித்தான் முத்துவேல் செத்தான்.

“இவங்கூடவா? என் மருமவனக் கொன்னவன்கூடவா? புள்ளய வெல பேசிட்டியா மாமா?”

சாம்சன் எழுந்தான். “அடிண்ணே. என்ன அடிச்சே கொன்னுடு.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. சாம்சனின் கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம் கறுத்துக் கிடந்தது.

“போன வாரம் தூக்கு மாட்டிக்கினான்” என்றார் முனிரத்தினம். “அறுத்து எறக்கிட்டாங்க. அதுலேந்து சோறு எறங்கல. உங்க வூட்ல வாயக் கட்டிக்கினு கெடக்கறப்ப நான் எப்பிடி துன்றதுன்னு அழுவுறான். இவன் பொண்டாட்டி சுகிர்தா கைக்கொயந்தயோட வந்து எங்க வாசல்ல வியுந்தா.”

“அதுக்கு இங்கயா இட்டாருவ?”

“ஊர்ல வெச்சிக் குடுத்தா அடிக்க வருவீங்க. இங்க யாரும் யாரயும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். பாட்டில் வாங்கினாதான் ஒக்கார வுடுவேன்னான் கடக்காரன், வாங்கினேன். மூடியக்கூட தெறக்கல.”

முனிரத்தினம் முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை சாம்சனின் வாயருகே கொண்டுபோனார். அவன் உதட்டைத் திறக்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.

கன்னியப்பன் ஓங்கிய கையை இறக்கினான். “எங்கக்காவுக்குத் தெரிஞ்சா உசுர வுட்ரும் மாமா.”

“‘கருமாதி வரிக்கும் அந்தப் புள்ள உசுரு தாங்காது, இன்னிக்கே நீ கவுச்சிய வாயில வெச்சி அவனயும் துன்ன வையி’ன்னு என்னப் புடிச்சித் தள்ளி அனுப்பினதே உங்கக்காதான் மச்சான்.”