மாடிக் கொடி

மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் காயப்போடும் துணி டயப்பர்களிலிருந்து தினமும் தண்ணீர் சொட்டி, கீழ்வீட்டு அக்காவின் துணிகளை நனைத்தது. இன்று அக்கா சண்டைக்கே படியேறிவிட்டாள்.

"நல்லாப் பிழிஞ்சு போடக் கூடாதாம்மா?"

"மன்னிச்சுக்குங்கக்கா."

அக்கா கொடியைப் பார்த்தாள். டயப்பர்களில் ஒரு கறைகூட இல்லை. குழந்தை அழுது இதுவரை கேட்டதும் இல்லை. உள்ளே தொட்டில் காலியாக இருந்தது.

"குழந்தை எங்கம்மா?" குரல் இறங்கியிருந்தது.

"குழந்தைகள் இல்லத்துலக்கா. தத்தெடுக்கிறோம். நாளைக்குத்தான் தர்றாங்க. புதுத் துணியைப் பல தடவை அலசினாத்தான் ஈரத்தை இழுக்குமாம். அதான்..."

அக்கா ஒரு டயப்பரை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள்.

"முதல்ல பிழியக் கத்துக்கோ. நாளையிலேர்ந்து நெஜமாவே குவியும்."

"ராத்திரி அழுதா உங்க தூக்கம் கெடுமேக்கா?"

"கெடட்டும்" என்றாள் அக்கா, அடுத்ததை எடுத்தபடி.