தில்லைநாயகியின் குரல்

முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்ற தில்லைநாயகிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இனி மருந்து கொடுக்கப்போகும் இயந்திரத்துக்கு அவருடைய வேலை முறையையும் குரலையுமே கொடுத்துக் கௌரவித்தார்கள்.

மூன்றே மாதத்தில், கணவரின் இதய மாத்திரைக்காக அதே கவுன்டரில் வரிசையில் நின்றார்.

"ஸ்டாக் இல்லம்மா. திங்கக்கிழமை வாங்க," என்றது அவருடைய குரல்.

"அதுவரைக்கும் அவரு தாங்க மாட்டாரு."

இப்படிச் சொல்லி நகராமல் நிற்பவர்களுக்கென்றே, வேலையில் இருந்த காலத்தில் அவர் டிராயரில் எப்போதும் நாலு அட்டை மாத்திரை ஒளித்து வைத்திருப்பார். விதிமீறல் என்று இந்தக் கௌரவத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், இயந்திரத்துக்கு வேலை சொல்லிக்கொடுத்தபோது அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா," என்றது குரல், அவருக்கே உரிய கனிவோடு. "திங்கக்கிழமை வாங்க."