இருமல் பொத்தான்

அவள் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு மைக்கை அருகில் இழுத்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், கீழே, நாடாளுமன்றம். ஜுலைகா எழுந்து நின்றிருந்தார். இந்தத் தேர்தலில் வந்த புது உறுப்பினர். கையில் தாள் இல்லை.

காலையில் நடைவழியில் அவளைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான்.

"அக்கா, இன்னைக்குத் தமிழ்லதான் பேசப் போறேன். தப்பு வந்தா சிரிக்காதீங்க."

"நீங்க பேசுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாள்.

நாட்டுக்கு ஆட்சிமொழி நான்கு. ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். மற்ற மூன்றுக்கும் மாடத்தில் மொழிக்கொரு கண்ணாடி அறை. கீழே ஒருவர் தம் மொழியில் பேசப் பேச, அந்த மொழிக்கான அறையில் இருப்பவர் உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் ஹெட்போனில் கேட்டுக்கொள்வார்கள்.

தமிழ் அறை கடைசி.

மன்றம் கூடும் நாளெல்லாம் அவள் வருவாள். மைக்கைச் சோதிப்பாள். யாரும் வருமுன், காலி நாற்காலிகளைப் பார்த்துத் தமிழ்ச் செய்தித்தாளை ஆங்கிலத்தில் வாசித்துப் பழகுவாள். பணியாள் குவளையில் தண்ணீர் வைப்பார். மாலையில் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். பேசாத தொண்டைக்குத் தண்ணீர் எதற்கு?

தமிழ் தெரிந்த உறுப்பினர்கள் இல்லாமல் இல்லை. வணக்கத்தைத் தமிழில் சொல்லிவிட்டு விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

வணக்கத்துக்கு யாரும் ஹெட்போன் மாட்டுவதில்லை.

இந்தக் கூட்டத்தொடரோடு தமிழ் அறையை மூடிவிடலாம் என்று பேச்சு. ஒளிபரப்புச் சாமான்கள் வைக்க இடம் போதவில்லையாம். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள், சிரித்த முகத்தோடு.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"மன்ற நாயகர் அவர்களே," என்றார் ஜுலைகா.

அடுத்த வாக்கியமும் தமிழில் வந்தது. அதற்கடுத்ததும்.

கீழே சலசலப்பு. கைகள் மேசைக்கடியில் தேடின. சிக்கிக் கிடந்த ஒயர்களைப் பிரித்தன. சுகாதார அமைச்சர் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, கழற்றித் திருப்பி மாட்டினார். மேலே உயர்ந்த நாற்காலியில் மன்ற நாயகரும் மாட்டிக்கொண்டார்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

ஒரு நாட்டின் மன்றமே காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தமிழுக்கு. அவளுக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் திமிராகவும் இருந்தது. இரண்டையும் குரலில் காட்டாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள்.

படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பராமரிக்கும் இல்லங்களுக்கான மசோதா அது. அங்கே ஆங்கிலம் தெரிந்த தாதிகள் போதும் என்றது மசோதா. முதியவரின் மொழி தெரிந்த ஒருவராவது எந்நேரமும் வேண்டும் என்றார் ஜுலைகா.

"என் தகப்பனார், என் அத்தா, துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மலாயில் பேரம் பேசுவார். சீனத்தில் எண்ணுவார். முதலாளியோடு ஆங்கிலத்தில் சண்டை போடுவார். பக்கவாதம் வந்தது. படித்த மொழியெல்லாம் போய்விட்டது. பிறந்த மொழி மட்டும் நின்றது."

ஜுலைகா ஒரு சொல்லுக்காகத் தடுமாறி, வேறொன்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அவள் சிரிக்கவில்லை. கூடவே போனாள்.

"போன மாதம் ஒரு மதியம் முழுக்க அத்தா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். தாதி நல்ல பெண். குறை சொல்ல மாட்டேன். தலையணையைச் சரிசெய்தார். மின்விசிறியைக் கூட்டினார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். அத்தா கேட்டது இதுதான்."

அதுவரை அவளும் சொல்லி முடித்தாள்.

ஜுலைகா நிறுத்தினார். மேடைத் தமிழை விட்டுவிட்டு, அத்தாவின் தமிழில் சொன்னார்.

"ஒரு மடக்குத் தண்ணி தாம்மா."

மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மொழிபெயர்ப்பவருக்கு இருமல் வந்தால் அழுத்திக்கொள்ளலாம். அழுத்தியிருக்கும்வரை ஹெட்போனில் எதுவும் கேட்காது.

அவளுக்கு இருமல் வரவில்லை.

அழுத்தினாள்.

சொன்னால் புரிந்துவிடும். புரிந்ததும் தலையை ஆட்டிவிட்டு வாக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரம் புரியாமல் இருக்கட்டும். அந்தத் தாதி நின்ற இடத்தில் இவர்களும் நின்று பார்க்கட்டும். வேலை போனால் போகட்டும்.

ஜுலைகா மறுபடியும் சொன்னார்.

"ஒரு மடக்குத் தண்ணி தாம்மா."

அமைச்சர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். தமிழ் தெரிந்தவர்கள் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, மன்றத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

மாடத்தைப் பார்த்தார்கள். முதல் அறையை, இரண்டாம் அறையை, கடைசி அறையை.

அவளைப் பார்த்தார்கள்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மற்றக் கையால் குவளையை எடுத்தாள். மன்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மடக்குக் குடித்தாள்.

கீழே, அமைச்சர் அந்தக் குவளையையே பார்த்தபடி ஹெட்போனைக் கழற்றினார்.