குடுமிக்குழியில் ஒரு காசு

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வந்து அகழாய்வுக் குழியை மூடுவதாக ஏற்பாடு.

அதன்மேல் பஸ் டிப்போவின் சுற்றுச்சுவர் எழும்பும். கீழே இருக்கும் நகரம் இரண்டாயிரம் வருடம் கிடந்த மாதிரியே இன்னும் கொஞ்ச காலம் கிடக்கும். நகரத்துக்கு அவசரமில்லை. மேடத்துக்குத்தான். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்.

குழிக்குள் நானும் அவரும் மட்டும். நான் மண்ணைச் சுரண்டினேன். அவர் பிரஷ்ஷால் துடைத்தார்.

மேலே, விளிம்பில் குடை விரித்து, நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். மேடத்தின் கணவர். அவரும் இதே தொழில்தான். இந்த நகரத்துக்கு மூன்றே வாசல் என்று தடிப் புத்தகம் எழுதியவர். மேடம் நான்கு என்பார், கிழக்கே ஒன்று இருக்கிறது என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இருவருக்கும் இது ஒன்றுதான் சண்டை. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

ஆட்கள் நாங்கள் மேடத்துக்கு வாசலம்மா என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

"வாசல் வந்தா சட்டுனு உள்ள போயிடாத. தட்டிட்டுப் போ. ரெண்டாயிரம் வருஷமா தூங்கறவங்க," என்றார் சார் மேலிருந்து.

மேலே இருந்த ஆட்கள் சத்தமாகச் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து சிரித்தேன்.

இந்த இடம் வேண்டாம் என்று சார் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்கனவே ஒருமுறை தோண்டி மூடிய இடம். பழைய பதிவேட்டில் ஒரே ஒரு வரி: இரண்டு மீட்டரில் கன்னிமண், வேறொன்றும் இல்லை. கன்னிமண் என்றால் மனிதன் கை படாத மண். அதற்கும் கீழே போவது கிணறு வெட்டுகிறவன் வேலை. செத்த பாம்பை ஏன் அடிக்கிறாய் என்று சார் கேட்டார். பாம்பு செத்ததை நான் பார்க்கவில்லையே என்றார் மேடம்.

இரண்டு மீட்டரைத் தாண்டினோம். மண் இறுகவில்லை. யாரோ வெட்டித் திரும்பப் போட்டது போலப் பொலபொலவென்று வந்தது. மேடம் ஒரு பிடி அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார்.

இரண்டரை மீட்டரில் என் கரண்டி கல்லில் இடித்தது.

மதியத்துக்குள் கல்லின் ஒரு முனை வெளியே வந்துவிட்டது. மேலே வண்டிச்சக்கரம் தேய்த்த தடம். ஓரத்தில், கதவு நின்று சுழல்வதற்காகக் குடைந்த குடுமிக்குழி. வாசல்படி. பேச்சுக்கு இடமில்லை.

மேடம் மூக்கை உறிஞ்சினார். தூசி என்றார்.

குடுமிக்குழிக்குள் பிரஷ்ஷை விட்டேன். ஒரு காசு வந்தது.

பழைய நகரத்துக் காசு இல்லை. நான் சின்ன வயதில் மிட்டாய் வாங்கிய காசு. இப்போது செல்லாது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழியை மூடுவதற்கு முன் அடியில் அந்த வருடத்துக் காசு ஒன்றை வைத்துவிடுவார்கள். பிற்காலத்தில் தோண்டுகிறவனுக்குச் சேதி அது. இந்த ஆழம் வரைக்கும் நாங்கள் பார்த்துவிட்டோம் என்று.

மேடம் எச்சில் தொட்டுத் துடைத்து வருடத்தைப் படித்தார். நான் பதிவேட்டை எடுத்தேன். ஆணி கிடைத்தாலும் எழுதியாக வேண்டும்.

"எழுத வேண்டாம். எங்க வீட்டுச் சாமான்," என்றார்.

காசு அவர் பைக்குள் போனது. வெயில் படாமல் இருக்கக் குடுமிக்குழியின் மேல் ஈரச் சாக்கைப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு அண்ணாந்து, வாசல் வந்துவிட்டது, இறங்கி வாருங்கள் என்று சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாரைக் கூப்பிட்டார்.

மேலே ஒரே கூச்சல். லாரிக்காரனுக்கு யாரோ போன் போட்டு வராதே என்றார்கள்.

சாருக்கு முழங்கால் வலி. இந்த முறை தோண்டத் தொடங்கியதிலிருந்து ஏணியில் காலே வைக்காதவர், தடியை மேலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

கல்லை அவர் பார்க்கவில்லை. சக்கரத் தடத்தைப் பார்க்கவில்லை. நேராக ஓரத்துக்குப் போனார். சாக்கை விலக்கி, குழிக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

சாக்கின் அடியில் குழி இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"என்ன தேடறீங்க?" என்றார் மேடம்.

சார் நிமிர்ந்தார். வெறும் மண்தான் என்று முணுமுணுத்தார்.

வருடத்தை நானும் பார்த்திருந்தேன். முப்பது வருடத்தில் மேடம் இங்கே வராத ஒரே வருடம். மகள் பிறந்த வருடம். டீ வேளையில் ஆயிரம் தரம் கேட்ட கதை. மேடம் பிரசவ வார்டில் இருந்தார், இங்கே சார் தனியாகத் தோண்டினார். மூன்று வாசல் புத்தகம் அப்போது அச்சில் இருந்தது. பதிவேட்டின் அந்த ஒற்றை வரி அவருடைய கையெழுத்து.

காகிதத்தில் மறைத்த மனிதர் மண்ணில் ஏன் காசை வைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. பழக்கதோஷமாக இருக்கலாம்.

மேலேயிருந்து எட்டுத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மேடம் வாயைத் திறந்தால் போதும், சாரின் முப்பது வருடப் பெயர் அன்றைக்கே மண்ணாகிவிடும்.

மேடம் பைக்குள் கையை விட்டார். சாரின் உள்ளங்கையை இழுத்து, காசை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார்.

"எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க. எனக்குச் சர்க்கரை தூக்கலா."

சார் கையைத் திறந்து பார்க்கவில்லை. மூடிய கையோடு ஏணியில் ஏறினார்.

அது செல்லாத காசு என்று சார் சொல்லவே இல்லை.